சொல்லின் செல்வம்: அலையும் கையசைவும்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளைத் தடுமாறச் செய்பவை நீண்ட சொற்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளோ இரு பொருளோதான் இருக்கும். அதை மனத்தில் இருத்திவிட்டால் வேலை முடிந்தது. சிறிய சொற்களே தொல்லை தருபவை. அவை வீட்டின் மூத்த மகளைப் போன்றவை. எல்லாப் பணியும் அவற்றின் தலையிலேயே வந்து விழும்.

நான்கே எழுத்துகளால் ஆன 'வேவ்' என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. கடலில் எழுந்து விழுவதும் வேவ். புகைவண்டியில் செல்பவரைக் கையசைத்து வழியனுப்புவதும் வேவ். கூந்தலில் காணும் நெளிவும் வேவ். வானொலியின் குரலைச் சுமந்து வருவதும் வேவ். கோடையில் ஊரை வாட்டும் வெப்பமும் வேவ். இத்தனை பொருள்களும் ஒரு சொல்லில் எவ்வாறு வந்து தங்கின? அவற்றை அறிவதால் நமக்கு என்ன பயன்? இம்மாதம் இவற்றைச் சிந்திப்போம்.

முந்தியது கையே

இச்சொல் முதலில் கடலலையைக் குறித்தது என்றும், பின்னர் அதன் சாயலைக் கண்டு கையசைவுக்கும் அப்பெயர் சூட்டினர் என்றும் எவரும் எண்ணக்கூடும். நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் 'வாஃபியன்' என்றொரு வினைச்சொல் இருந்தது. கையை முன்னும் பின்னும் அசைத்தல் என்பதே அதன் பொருள். கடலின் அலைக்கு அக்காலத்தில் வேறு சொற்கள் வழங்கின. 16-ஆம் நூற்றாண்டில்தான் அப்பழைய பெயர்கள் ஒதுங்க, கையசைவைக் குறித்த சொல் கடலுக்கும் உரியதாயிற்று. 1526-இல் அச்சான வில்லியம் டின்டேலின் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் இப்புதிய வழக்கைக் காண்கிறோம். எனவே, ஆங்கில மொழியில் முதலில் அசைந்தது மனிதனின் கை. கடல் அதன் பின்னரே அசைந்தது.

நம் தமிழ் இதை வேறு விதமாக நோக்குகிறது. 'அலை' என்பது பெயருமாகும், வினையுமாகும். வேலை தேடி அலைகிறோம். வீண் அலைச்சல் என்று சலித்துக்கொள்கிறோம். நம்மை அலைக்கழித்தவரைப் பற்றிக் குறை கூறுகிறோம். செபிக்க அமர்ந்தால் மனம் அலைபாய்கிறது என்கிறோம். கடலைக் கண்ட ஆங்கிலேயருக்கு அது கையசைப்பதாகத் தோன்றியது போலும். தமிழருக்கோ அது இருப்புக் கொள்ளாமல் அலைவதாகத் தோன்றியது என்று சொல்லலாம். 'திரை' என்ற மற்றொரு சொல்லும் நம்மிடம் உண்டு. அது கடலின் அலையையும் குறிக்கும். முதியோர் முகத்தில் விழும் சுருக்கத்தையும் குறிக்கும். நரை, திரை, மூப்பு என்று அடுக்கிச் சொல்லும்போது நம் பாட்டியின் கன்னத்தில் ஒரு சிறு கடலையே காண்கிறோம்.

மறைநூலில் இச்சொல்

புனித யாகப்பர் தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், ஐயத்தோடு செபிப்பவனைக் காற்றால் அடிபட்டு அலைக்கழியும் கடலலைக்கு ஒப்பிடுகிறார். ஆங்கிலத்தில் ஐயுற்றுத் தயங்குவதற்கு 'வேவர்' என்றொரு சொல் உண்டு. அது 'வேவ்' என்பதன் நெருங்கிய உறவுச் சொல். ஆங்கிலக் கத்தோலிக்கர் நெடுங்காலம் வாசித்து வந்த தூவே மொழிபெயர்ப்பில், 18-ஆம் நூற்றாண்டில் ஆயர் சலோனர் செய்த திருத்தப் பதிப்பைப் பார்த்தால், இவ்விரு சொற்களும் அந்த ஒரே வசனத்தில் அருகருகே நிற்பதைக் காணலாம். 'அலைபாயும் மனம்' என்று நாம் சொல்லும்போதும் இதே உவமைதான் நம் நாவில் எழுகிறது. மொழிகள் வேறாயினும் மனித உள்ளம் ஒன்றே என்பதற்கு இஃது ஒரு சான்று.

பழைய ஏற்பாட்டில் இச்சொல்லின் வேறொரு பயனைக் காண்கிறோம். லேவியர் ஆகமம் 23-ஆம் அதிகாரத்தில், அறுவடையின் முதற்கதிர்க் கட்டைக் குருவிடம் கொண்டுவர வேண்டும் என்றும், அவர் அதை ஓய்வு நாளுக்கு மறுநாள் ஆண்டவர் திருமுன் அசைத்துக் காட்ட வேண்டும் என்றும் கட்டளை உள்ளது. எபிரேய மொழியில் 'தெனூஃபா' எனப்படும் இக்காணிக்கையைப் பல ஆங்கிலப் பதிப்புகள் 'வேவ்' காணிக்கை என்றே பெயர்த்துள்ளன. கடலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. "என் கையில் உள்ளது யாவும் உம்முடையது" என்று கையசைவால் அறிக்கையிடும் செயல் இது. வாரத்தின் முதல் நாளில் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் முதற்கனி என்று அழைப்பதை இதனோடு சேர்த்து எண்ணினால், உயிர்ப்புப் பெருவிழாவின் பொருள் நமக்கு இன்னும் ஆழமாக விளங்கும்.

நம் நாட்டு வழிபாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இந்திய ஆயர்கள் வேண்டிக்கொண்டபடி, திருவழிபாட்டில் 12 தழுவல்களுக்கு உரோமை இசைவு அளித்தது. மலர், தூபம், தீபம் கொண்டு ஆரத்தி எடுப்பது அவற்றுள் ஒன்று. ஆரத்தி எடுப்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் இந்த 'வேவ்' என்னும் சொல்லைத்தான் ஆள வேண்டியிருக்கிறது. அடுத்த முறை திருப்பலியில் ஆரத்தியைக் காணும்போது, முதற்கதிர்க் கட்டை அசைத்த பழைய குருவையும் நினைத்துக்கொள்வோம்.

அறிவியல் கற்பிப்பது

அலை என்றால் என்ன என்று அறிவியலாரைக் கேட்டால், அவர்கள் தரும் விடை நம்மை வியக்கச் செய்யும். அலையோடு நீர் பயணம் செய்வதில்லை என்பார்கள். ஆழ்கடலில் மிதக்கும் தேங்காய் ஒன்றைக் கவனியுங்கள். அலை வரும்போது அது மேலே எழுகிறது. அலை கடந்ததும் கீழே இறங்கி, ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கிறது. சென்றது அசைவும் ஆற்றலுமே, நீர் அன்று. காற்று வீசும்போது நெல்வயலில் ஓடும் அலையும் அப்படியே. வயலின் ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புக்கு அலை ஓடுகிறது; ஆயினும் ஒரு பயிரும் இடம் பெயர்வதில்லை.

ஒளியும் ஓர் அலையே என்று டச்சு அறிஞர் ஹைகென்ஸ் 1690-இல் நூல் வெளியிட்டார். மின்காந்த அலைகள் உண்டு என்பதை மேக்ஸ்வெல் 1865-இல் கணிதத்தால் எடுத்துரைத்தார். 1887-ஐ அடுத்து ஹெர்ட்ஸ் அவற்றைச் சோதனையால் மெய்ப்பித்தார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் உண்டாக்கிய கண்ணுக்குப் புலப்படாத அலைகள் சுவர்களைக் கடந்து சென்று ஒரு மணியை ஒலிக்கச் செய்தன. அந்தப் போஸுக்குக் கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் இயற்பியலில் ஆர்வமூட்டியவர் யூஜின் லஃபோன் என்னும் பெல்ஜிய நாட்டு சேசு சபைக் குரு என்பதை நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டும். 1931-ஆம் ஆண்டு பெப்ரவரி 12-ஆம் நாள், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலி வழியாகத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரின் குரல் முதன்முறையாக உலகெங்கும் ஒலித்தது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 2018 வரை சிற்றலையில் நம் இல்லங்களுக்கு வந்துகொண்டிருந்தது. சிற்றலை, மத்திய அலை, நுண்ணலை, பண்பலை என்று தமிழ் இத்துறையில் எத்துணை அழகாகச் சொற்களைப் படைத்துக்கொண்டது என்பதையும் இங்கே எண்ணி மகிழலாம்.

நீர் நிற்கிறது, அசைவு செல்கிறது என்னும் இவ்வுண்மை நம் விசுவாச வாழ்வுக்கும் பொருந்தும். மாலையில் விளக்கேற்றிச் செபமாலை சொல்லித் தந்த பாட்டி இன்று கல்லறையில் துயில்கிறார். அவரிடமிருந்து அதைக் கற்றவர் நம் தாய். அவரிடமிருந்து நாம் கற்றோம். நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்கின்றனர். மனிதர் எவரும் தம் இடத்தையும் காலத்தையும் கடந்து செல்வதில்லை. செபம் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கடந்து செல்கிறது. நடுவில் ஒருவர் அசைய மறுத்தால், அடுத்தவரை அது சேராது.

அன்றாட வழக்குகள்

மாணவர்களுக்குப் பயன்படும் சில வழக்குகளை இனிச் சுருக்கமாகக் காண்போம். ஒருவர் 'அலைகளை உண்டாக்குகிறார்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், அமைதியாக நடந்துவரும் காரியத்தில் அவர் சலசலப்பை எழுப்புகிறார் என்பது பொருள். பிறர் கூறும் தடையைக் கையசைத்து ஒதுக்குவதும், சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தாமல் கையசைத்துப் போகவிடுவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படும். அழகு நிலையத்தில் 'பெர்ம்' என்று சொல்வது, நெடுநாள் நிலைக்கும் கூந்தல் நெளிவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே. விளையாட்டரங்கில் பார்வையாளர் வரிசை வரிசையாக எழுந்து அமர்வதை மெக்சிகோ அலை என்பர். 1986-இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் அதை உலகறியச் செய்தன. பிரெஞ்சுத் திரைப்பட உலகில் 1950-களின் இறுதியில் எழுந்த புதிய போக்குக்குப் 'புதிய அலை' என்று பெயர்.

வெப்ப அலை என்பது வெறும் பேச்சு வழக்கன்று. சமவெளியில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 பாகையேனும் மிகும்போது இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்று அறிவிக்கிறது. தேர்தல் நாள்களில் ஒரு கட்சிக்கு 'அலை வீசுகிறது' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. 2021-ஆம் ஆண்டின் கோடையில் 'இரண்டாம் அலை' என்ற தொடரை நாம் எத்தனை கண்ணீரோடு உச்சரித்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒலிப்பில் முற்றிலும் ஒத்த வேறொரு சொல் ஆங்கிலத்தில் உண்டு. அதன் எழுத்துக் கோவையில் நடுவே ஒரு 'ஐ' கூடுதலாக நிற்கும். கட்டணத்தை வாங்காமல் தள்ளுபடி செய்தல், உரிமையை விட்டுக்கொடுத்தல் என்பன அதன் பொருள். பள்ளிக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்பதற்கு மாறாகக் கட்டணத்தைக் கையசைக்குமாறு கேட்டதாகிவிடும்!

பெயர் பிழைத்தால்

சொல்லின் பொருள் அறிவது தேர்வுக்கு மட்டும் உதவுவதன்று. சில வேளைகளில் அஃது உயிர் காக்கும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. காலை 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நில அதிர்ச்சி ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குப் பின் பேரலைகள் நம் கரையை அடைந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அவர்களுள் அடங்குவர்.

இத்தகைய அலையை ஆங்கிலேயர் நெடுங்காலம் 'ஓத அலை' என்ற பொருள்படும் தொடரால் அழைத்து வந்தனர். அது பிழையான பெயர். ஓதம் என்பது நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது; இவ்வலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே அறிஞர் 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல்லை ஏற்றனர். துறைமுக அலை என்பது அதன் பொருள். ஆழ்கடலில் இவ்வலையின் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டாதிருக்கலாம். அதன் மேல் செல்லும் படகினர் அதை உணரவும் மாட்டார்கள். ஆயினும் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் விரைகிறது. கரையை நெருங்கி வேகம் குறையக் குறைய அதன் உயரம் பெருகுகிறது. அன்று தாய்லாந்தின் கரையில் முதலில் கடல் பின்வாங்கிற்று. நம் கரையிலோ முதலில் நீர்மட்டம் உயர்ந்தது. எனவே கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று காத்திருப்பது தகாது. அறிவிப்பு வந்தவுடன் மேட்டு நிலத்துக்குச் செல்வதே அறிவுடைமை.

நில அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகில் சிமுலுவே என்றொரு இந்தோனேசியத் தீவு உள்ளது. அலைகள் சில நிமிடங்களிலேயே அதை அடைந்தன. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் அன்று மாண்டவர்கள் 7 பேரே. காரணம் ஒரு சொல். 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுசென்றது. பிழைத்தோர் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் கடுமையாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் உடனே குன்றுகளுக்கு ஓடுங்கள் என்று தம் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தனர். 97 ஆண்டுகளுக்குப் பின் அச்சொல் கூவப்பட்டவுடன் ஊரே மேடேறிற்று. கருவி ஏதும் அவர்களைக் காக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் முதியோர் சொன்ன சொல்லே காத்தது. முதியோர் பேசுவதைக் கேட்க நேரமில்லை என்று கூறும் குடும்பங்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

கையசைப்பதெல்லாம் வாழ்த்து அன்று

இறுதியாக ஒன்று. ஸ்டீவி ஸ்மித் என்னும் ஆங்கிலப் பெண் கவிஞர் 1957-இல் வெளியிட்ட சிறு கவிதையொன்று பெரும் புகழ் பெற்றது. கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவன் கையை அசைக்கிறான், அவன் மகிழ்ச்சியாய்க் கையசைப்பதாகக் கரையில் நிற்போர் எண்ணிக்கொள்கின்றனர், அவன் மாண்டுபோகிறான். வாழ்நாள் முழுவதுமே தன் நிலை அதுதான் என்று அவன் சொல்வதாகக் கவிதை முடிகிறது.

உண்மையில் மூழ்குவோர் நிலை இதனினும் கொடிது. நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூவுவதுமில்லை, கையசைப்பதுமில்லை. மூச்சு விடவே வாய் போதாதபோது கூவுவது எங்ஙனம்? கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும். உடல் நிமிர்ந்து நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். வேளாங்கண்ணித் திருவிழா நாள்களில் பிள்ளைகளைக் கடலில் இறக்கும் பெற்றோர் இதை மறவாதிருப்பார்களாக. "ஏதேனும் நேர்ந்தால் கூப்பிடுவான்" என்று கரையில் அமர்ந்து கதை பேசலாகாது. எட்டிப் பிடிக்கும் தொலைவில் நின்று, பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கரையில் மட்டுமா இக்கவனம் தேவை? நம் வீடுகளிலும் பங்குகளிலும் புன்னகையோடு கையசைத்துக் கடந்து செல்வோர் பலர் உள்ளனர். கடன் சுமையில் மூழ்கும் தந்தையும் கோயில் வாசலில் "நலமே" என்றுதான் சொல்கிறார். தேர்வில் தோற்ற மகனும், கணவனின் குடியால் வாடும் பெண்ணும், பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்திருக்கும் மூதாட்டியும் அவ்வாறே சொல்கின்றனர். அந்தக் கையசைவைக் கண்டு நாமும் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு நொடி நின்று முகத்தைப் பார்த்தால், அது வாழ்த்தா அபயக்குரலா என்பது விளங்கும்.

புனித மத்தேயு எழுதிய நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில், காற்றைக் கண்டு அஞ்சிய இராயப்பர் அலைமேல் மூழ்கத் தொடங்குகிறார். அவர் கூவியவுடன் ஆண்டவர் கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொள்கிறார். ஐயுற்றதற்காகக் கடிந்துகொள்வது அதன் பின்னரே, பிடித்துக்கொண்டதே முதற்செயல். நம் இல்லங்களில் நாம் இந்த வரிசையைப் பெரும்பாலும் மாற்றிவிடுகிறோம். முதலில் கடிந்துகொள்கிறோம், கை நீட்டுவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

ஆகவே, அன்புக் குடும்பங்களே, இம்மாதம் ஒவ்வொரு நாளும் மாலைச் செபத்துக்குப் பின் சில நிமிடங்கள் விளக்கடியிலேயே அமர்ந்திருங்கள். அன்றைய பொழுது எப்படிச் சென்றது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். "நலமே" என்ற விடையோடு நின்றுவிடாதீர்கள். கூப்பிடாதவரையும் தேடிச் சென்று கை நீட்டும் குடும்பத்தில் ஆண்டவர் தாமே தங்குவார்.